பாட்டுக் கேக்கத்தானாம்

வெளிநாட்டு இசை, வெளிநாட்டுப் பாஷை, வெளிநாட்டுக் கலாசாரம் என்று கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கதைக்கிற ஆம்பிளைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். முன்மயிர் விடைபெற்றிருக்கும். கலியாண வீட்டில் பாயாசக் கப்பைப் பிடித்தபடி, "எங்கட ஆக்களுக்கு ரசனை எண்டது இல்லை பாருங்கோ" என்று தொடங்குவார்கள். பிறகு பாயாசம் ஆறிப் போகும்வரை விடமாட்டார்கள். இந்தச் சாதியை நான் நன்றாக அறிவேன். கொழும்பு வெள்ளவத்தையில் சில வருசங்களாக அதன் ஆக மோசமான உருப்படி நான்தான்.

என்னுடைய கலைத்தாகம் ஏதோ ஒரு கச்சேரியில் பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பிறந்தது ஒரு டைல்ஸ் விளம்பரத்தில். குளியலறைச் சாமான் இறக்குமதி செய்கிற கொம்பனியொன்றில் நான் கணக்காளன். கொமோட், வோஷ்பேசின், சுவரில் ஒட்டுகிற டைல்ஸ், இவைதான் என் சீவியம். ஒருநாள் போர்த்துக்கல் டைல்ஸ்காரன் ஒருவன் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். நீலமும் வெள்ளையுமாய் டைல்ஸ், பின்னணியில் ஒரு பொம்பிளை பாடுகிறாள். கறுப்புச் சால்வை, மூடின கண், நிமிர்ந்த கழுத்து. கப்பலில் போன யாரோ திரும்பி வராததற்கு ஊர் முழுவதும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு குரல். பக்கத்தில் வயிறு உருண்ட ஒரு கிட்டார். எனக்குப் புல்லரித்தது. டைல்ஸ் விலை சரிவராது என்று நாங்கள் எடுக்கவில்லை. பாட்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பெயர் ஃபாடோ என்று தேடிப் பிடித்தேன். வீட்டில் போட்டேன். குசினிக்குள் இருந்து என் மனுசியின் குரல் வந்தது.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. இது லிஸ்பன் பாட்டு. சோகம்தான் இதின்ர அழகு."

"இதுக்கு லிஸ்பனோ? உந்த அழகைச் செத்த வீட்டில ஓசியாக் கேக்கலாமே."

ரசனை இல்லாத குடும்பத்தில் மாட்டுப்பட்ட மேதைகள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

பிறகு பாஷை. போனில் ஒரு அப் இறக்கிப் போர்த்துக்கீசம் படிக்கத் தொடங்கினேன். காலையில் கடற்கரைப் பக்கம் தண்டவாள ஓரமாய் நடந்துகொண்டு, "ஆமை பால் குடிக்கிறது" என்பதைப் போர்த்துக்கீச மொழியில் திருத்தமாக உச்சரித்தேன். எந்த லிஸ்பன்காரனிடம் எந்த ஆமையைப் பற்றி நான் முறைப்பாடு செய்யப் போகிறேன் என்று அப் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நாங்கள் சொல்கிற கதிரை அவர்களுடையது. அலுமாரி அவர்களுடையது. சப்பாத்து, லேஞ்சி, பாண், விறாந்தை, எல்லாம் அவர்கள் கொழும்பில் விட்டுப் போனவை. நான் பிறந்ததில் இருந்து போர்த்துக்கீசம் கதைத்து வந்திருக்கிறேன்! அந்த வருசம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட அகப்பட்ட ஒருவரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் எழும்பிப் போகவில்லை.

எவரிடம் கதைத்தாலும் முடிவு ஒன்றுதான்: "ஒருக்கா லிஸ்பனுக்குப் போகோணும். ஒரு சின்ன அறையில இருந்து, அந்தப் பாட்டை நேர கேக்கோணும். அதுக்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு.

எங்கள் பாஸ்போட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. அதை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த மூலைக்கும் ஆசைப்படலாம், ஆபத்தே கிடையாது. வெள்ளைக்காரன் பாவம். லிஸ்பன் லிஸ்பன் என்று இரண்டு தரம் சொன்னால், "அப்ப போவன்" என்று யாராவது சொல்லுவார்கள், டிக்கெட் எடுத்துப் போய்த் தொலைக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. "விசா தரமாட்டாங்களே" என்ற ஒற்றை வசனம் போதும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆசையும் மிஞ்சும், அவமானமும் இல்லை, வெள்ளைக்காரனைத் திட்டுகிற சுகம் வேறு. சொந்த வீட்டில் இருந்தபடியே உலகக் குடிமகனாய் வாழ்ந்து முடிக்கலாம்.

அப்படித்தான் ஒரு கலியாண வீட்டில் அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். சபை நிறைந்திருந்தது. எல்லோரும் தலையை ஆட்டத் தொடங்குகிற நேரம், பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த மனுசி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நீங்கள் ஒருக்காலெண்டாலும் கேட்டுப் பாத்தனீங்களோ?"

யாரோ சிரித்தார்கள். நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு அவள் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மட்டக்குளி பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து, பாஸ்போட் பையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளையை முதன்முதலாய்ப் பள்ளிக்கூடம் சேர்க்கப் போகிற தாய் மாதிரி. பிள்ளை நான்.

விசா ஏஜென்சி ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேலே இருந்தது. ஏஜென்ட் நெற்றியில் சந்தனம், விரல் நிறைய மோதிரம். சுவரில் ஈபிள் கோபுரமும் நயாகராவும், நடுவில் முருகன்.

"உண்மையான காரணத்தைச் சொல்லுங்கோ அண்ணை. அப்பதான் நான் பொருத்தமான காரணம் ஒண்டு தரலாம்."

"பாட்டுக் கேக்க."

அவர், நல்ல மனிதர்கள் முட்டாள்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தார். "என்னட்டை ஒளிச்சு என்ன செய்யப் போறீங்கள் அண்ணை? இஞ்சயிருந்து எத்தினை பேரை ஏத்தி அனுப்பினனான். சரி விடுங்கோ. அங்க போர்த்துக்கலில பாத்திமா மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் எண்டு போடுவம்."

"நான் சைவம்."

"அதுக்கென்ன? செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாரிட்டை மெழுகுதிரி கொளுத்திற சனம் எல்லாம் வேதக்காரரோ? திருநீறைக் கொஞ்சம் துடைச்சுப்போட்டு ஃபோட்டோ எடுங்கோ."

"சுற்றுலா எண்டு போடுங்கோ. உண்மை அதுதானே" என்றாள் மனுசி.

ஏஜென்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. "சரி அக்கா. நீங்கள் பிறகுதானே போறீங்கள்? அண்ணை அங்க நிண்டு ஸ்பொன்சர் சரிவந்தாப் பிறகு?"

அவள் பையின் ஸிப்பை மூடினாள்.

மனுசியின் தமையன் பாரிஸில் இருக்கிறார். இவள் பள்ளிக்கூடம் போகிற வயதில், "ரெண்டு கிழமையில வாறன்" என்று சொல்லி வெளிக்கிட்டவர். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. தாய் தகப்பன் செத்ததுக்கும் வரவில்லை. எங்கள் சனத்துக்குள் இது பெரிய கதை இல்லை, எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. அதனால் நான் அதை யோசிக்கவில்லை. எனக்கு என் பாட்டு.

உண்மையைச் சொன்னால் பாட்டும் இல்லை. எனக்கு இப்போது வேண்டியிருந்தது ஒரு நல்ல நிராகரிப்பு. முத்திரை குத்தின, மறுக்க முடியாத நிராகரிப்பு. அது கிடைத்தால் மிச்சச் சீவியம் முழுக்கக் கலியாண வீடுகளில் விளாசலாம். "கேட்டனான், தரேல்லை" என்பதற்கு இருக்கிற கம்பீரம் எந்தப் பயணத்துக்கு உண்டு?

ஆகவே விரலடையாளம் வைக்கப் போன இடத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருந்த சிங்களப் பிள்ளை "என்ன நோக்கத்துக்குப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, நான் வாயைத் திறந்தேன். 'டூரிசம்' என்ற ஒரு சொல் போதும் என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. ஃபாடோ பற்றிச் சொன்னேன். கறுப்புச் சால்வை பற்றிச் சொன்னேன். வயிறு உருண்ட கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று சொன்னேன். கதிரை, அலுமாரி இரண்டையும் சொன்னேன். சிங்களத்திலும் அல்மாரியதானே என்று அவளையும் சேர்த்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆள் செருமினார். ஒரு வரி பாடிக் காட்டினேனோ என்று கேட்காதீர்கள்.

அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அங்கிள், நோட் பண்ணிட்டேன்" என்கிற மாதிரித் தலையை ஆட்டி எதையோ தட்டினாள். வெளியே வரும்போது எனக்கு நல்ல நிம்மதி. இப்படி ஒரு விசரனுக்கு எந்த நாடும் விசா தராது.

எங்கள் ஆட்களின் வழக்கப்படி முடிவு வரும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கண்ணூறு பட்டுவிடும். கோயிலுக்கு மட்டும் சொல்லலாம். மனுசி பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். அவளோடு கூடப் போய்க் கும்பிட்டு நின்ற நான், அதே பிள்ளையாரிடம் எதிர் மனுப் போட்டேன். கொழும்பில் எத்தனையோ பேர் அவர் முன்னால் விசாவுக்காக உருகுகிறார்கள். விசா வேண்டாம் என்று உருகினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆளைப் பார்த்து அவர் குழம்பியிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் தந்துவிட்டார்.

விசா வந்த அன்று எனக்கு வயிற்றாலை போனது. இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போகாமல் பாத்ரூமில் இருந்தபடி யோசித்தேன். எயார்போட்டில் வழி தவறினால்? ஓட்டல்காரன் போர்த்துக்கீசத்தில் ஏதாவது கேட்டால்? எனக்குத் தெரிந்தது ஆமையும் அலுமாரியும். தனியச் சாப்பிடப் போய் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்களோ? அங்கே விழுந்து செத்தால் எந்த மொழியில் அறிவிப்பார்கள்? எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் கடைசியில் வந்தது. அந்தச் சின்ன அறையில் போய் இருந்து, அவள் கண்ணை மூடிப் பாட, எனக்கு ஒன்றுமே வரவில்லை என்றால்? இத்தனை வருசமாய் இத்தனை பேரின் பாயாசத்தை ஆற வைத்தது எதற்காக?

நேர்த்தி நிறைவேறியதற்கு மனுசி அர்ச்சனை செய்தாள். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டுவிட்டு, கோயில் முழுக்கக் கேட்கிற குரலில், "எந்த நாடு?" என்றும் கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே செய்தி எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டது.

எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடியில் ஒரு அக்கா இருக்கிறா. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. லிஃப்டுக்குள் என்னைப் பிடித்தா.

"நல்ல முடிவு தம்பி. வயது போனாலும் பரவாயில்லை."

"பத்து நாள்தான் அக்கா. பாட்டுக் கேக்கப் போறன்."

"ஓமோம். பாட்டுக் கேக்கத்தானாம்." ஒரு கண்ணைச் சிமிட்டினா. "என்னட்டைச் சொல்லாதேங்கோ, நான் ஆருக்கும் சொல்லேன். ஆனால் ஒண்டு. அங்க அகதிக் கேஸ் குடுக்கேக்க கதையை மாத்திச் சொல்லக்கூடாது. முதல் விசாரணையில என்ன சொன்னீங்களோ அதுதான் கடைசி மட்டும். என்ர மருமோன் அதிலதான் மாட்டுப்பட்டவர்."

"அக்கா, நான் கேஸ் குடுக்கப் போகேல்லை."

"இப்பிடித்தான் சொல்லோணும். நல்லாச் சொல்லுறீங்கள். அழவும் தெரிஞ்சிருக்கோணும் தம்பி. தெரியுமோ?"

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நின்றுவிட்டது. எங்கள் லிஃப்டுக்கு அது வழக்கம். வோச்சர் வந்து கதவைத் திறக்கும்வரை, அகதி விண்ணப்பம் செய்வது எப்படி என்பதில் எனக்கு முழுப் பயிற்சி கிடைத்தது. எங்கே அழ வேண்டும், எங்கே தண்ணி கேட்க வேண்டும் எல்லாம் சொல்லித் தந்தா. ஐம்பது தாண்டிய, சீனி வருத்தமுள்ள, கொமோட் கணக்கெழுதுகிற ஒருவனை எந்த நாடு எதற்கு வைத்துக்கொள்ளும் என்று அவவுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சனத்துக்கு வெளிநாடு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: போய் நிற்கிற இடம். பார்க்கிற இடம், கேட்கிற இடம் எல்லாம் வெள்ளைக்காரனுக்கு. உலகம் முழுக்கப் பரந்திருக்கிறோம் என்று பீற்றிக்கொள்கிற சனம், போன இடமெல்லாம் அதே கறித்தூளை வறுத்து, அதே நாடகத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனின் பேர் தெரியாமல் கிழவராகிற சனம். பாட்டுக் கேட்க ஒருவன் போவான் என்றால் அது எப்படி நம்பும்? கெட்டிக்காரப் பொய் என்றுதான் நினைக்கும்.

ஒஃபிஸிலும் அதே கதைதான். பொஸ் சிங்களவர், தங்கமான மனுசர். லீவுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு "ஆபஹு எனவா நேத?" என்றார். திரும்பி வருவாய்தானே? ஓம் என்றேன். கதவடியில் வைத்து மறுபடியும் கேட்டார். பின்னேரம் என் கம்பியூட்டரின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்.

அதன் பிறகு பாரிஸில் இருந்து மச்சான் வட்ஸ்அப்பில் வந்தார். குசினியில் நின்றபடி, ஒரு கையால் வெங்காயத்தை வதக்கிக்கொண்டு கதைத்தார்.

"எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு மச்சான். லிஸ்பனிலயிருந்து பஸ் இருக்கு, நேர இஞ்ச வாரும். லோயர் ஒராள் இருக்கிறார், எங்கட ஆள்தான். வேலையும் கதைச்சிட்டன். ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுறது. முதல் கொஞ்ச மாசம் முதுகு நோகும், பிறகு பழகியிடும்."

நான் ஆத்திரப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கலைக்காகப் போகிற என்னைக் கோப்பை கழுவ வைக்கிறார்களே என்று கொதித்தேன் என்று எழுதினால் எவ்வளவு நன்றாய் இருக்கும். வாயால் அப்படித்தான் ஏதோ முனகினேன். ஆனால் வயிறு பேசாமல் நின்றுவிட்டது. விசா வந்த நாளில் இருந்து முதல் தரம். ஏனென்றால் அந்த வெங்காயம் வதங்குகிற சத்தத்தில் எனக்கு ஒரு காட்சி தெரிந்தது. பஸ்ஸால் இறங்கினால் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். தமிழில் ஏசும். பின்னேரம் இடியப்பமும் சொதியும். ஒரு பாஷையும் தெரியத் தேவையில்லை. லிஸ்பனில் ஒரே ஒரு பின்னேரம் நின்று, பாட்டு அகப்பட்டால் கேட்டு, அகப்படாவிட்டால் "சீசன் இல்லை" என்று சொல்லி, மிச்ச நாளெல்லாம் மச்சான் வீட்டு சோஃபாவில் கிடக்கலாம். எந்தச் சனத்தை இகழ்ந்தே இத்தனை வருசம் ஓட்டினேனோ, அதே சனத்தின் சேலைத் தலைப்பைப் பிடிக்க ஓடினேன். இப்படியும் ஒரு உலகக் குடிமகன்.

"பாப்பம் மச்சான்" என்றேன், பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிற குரலில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு மனுசியிடம் விசயத்தைப் போட்டேன். தியாகம் செய்கிறவனின் முகத்தை வைத்துக்கொண்டு.

"உம்மட அண்ணை பாவம், ஆசைப்படுறார். பாட்டு என்ன பாட்டு, அதை ஒரு நாளில கேக்கலாம். மிச்ச நாளை அங்க நிண்டிட்டு வாறன்."

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிற கை நின்றது.

"அண்ணையிட்டைப் போனால் வருவீங்களோ?"

"என்ன விசர்க் கதை இது? நீர் நினைக்கிறீரோ நானும்..."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. அண்ணையும் பொய் சொல்லிப்போட்டுப் போகேல்லை. அப்பிடித்தான் நடந்தது. அங்க ஒரு அறை, இஞ்ச ஒரு பிரச்சினை, இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் எண்டு. நான் பள்ளிக்கூடத்தால வந்து ஒவ்வொரு நாளும் வாசலில அண்ணையின்ர சப்பாத்து கிடக்குதோ எண்டு பாக்கிறனான்."

கீழே கடற்கரையால் ரெயின் போனது. பிளாட் கொஞ்சம் அதிர்ந்தது. ஒரு நல்ல மனிதனுக்கு அந்த இடத்தில் வேறு ஏதாவது தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது: கதவு திறந்துவிட்டது! மனுசிக்குப் பயம். மனுசிக்காகப் பயணத்தைக் கைவிட்டவன் என்று இருந்துவிடலாம். நிராகரிப்பை விடத் திறமான காரணம். கலியாண வீடுகளில் பொம்பிளைகளே கண்கலங்குவார்கள்.

"இஞ்சேரும்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "உமக்கு இவ்வளவு பயமெண்டால் நான் போகேல்லை. உம்மை விட எனக்கு லிஸ்பன் பெரிசில்லை. விடும்."

அவள் என்னைப் பார்த்தாள். கன வருசமாய்ப் பாங்கில் கவுண்டரில் இருந்து, கள்ள நோட்டுகளைக் கண்ணாலேயே பிரித்தெடுக்கிறவள்.

"என்ர தலையில போடாதேங்கோ."

"நான் என்ன..."

"எனக்குப் பயம் இருக்கு. அது என்ர. நான் பாத்துக்கொள்ளுறன். உங்களுக்கு வேற பயம். அதை உங்கட பேரிலயே வைச்சிருங்கோ." துணியை உதறினாள். "எத்தினை வருசமா உந்த ஒப்பாரியை என்ர காதில ஊத்தினனீங்கள். போறதெண்டால் அதுக்குப் போங்கோ. கேட்டுப்போட்டு வாங்கோ. கோப்பை கழுவப் போறதெண்டால், இஞ்ச குசினியில கிடக்கு, கழுவுங்கோ."

கழுவினேன். வேறு என்ன செய்ய.

மிச்சமிருந்தது மச்சான். வரமாட்டேன் என்று சொன்னால் மனுசர் உடைந்து போவார், குடும்பத்துக்குள் பெரிய சண்டை வரும், சண்டை வந்தால் பயணமும் குழம்பும் என்று ஒரு கடைசிச் சின்ன நம்பிக்கை. போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற குரலில், பத்து நாளும் லிஸ்பனில்தான் நிற்கப் போகிறேன், பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பி விடுவேன் என்று சொன்னேன்.

அங்கே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப உண்மையாவே பாட்டுக்குத்தானோ?"

"ஓம்."

"சரி மச்சான். நல்லது." குரலில் நான் எதிர்பார்த்த மனவருத்தத்துக்குப் பதிலாக ஒரு பெருமூச்சு. "ஒளிக்காமல் சொல்லுறன், இஞ்ச இடமும் காணாது. பொடியள் ஹோலில படுக்கிறாங்கள். தங்கச்சிக்காகத்தான் ஓடித் திரிஞ்சனான்." பிறகு, வைக்கப் போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், "அவளிட்டைச் சொல்லும். நானும் ரெண்டு கிழமை எண்டு நினைச்சுத்தான் வெளிக்கிட்டனான். ஏமாத்தேல்லை."

"சொல்லுறன்" என்றேன். அதற்கு மேல் பகிடி ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு அது தெரிந்திருந்தது. இருந்தாலும் சொன்னேன். "ம்" என்றாள்.

இப்போது என்னைத் தடுக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. ஐரோப்பா வா என்றது. பொஸ் போ என்றார். மச்சான் வராதே என்றார். மனுசி போய் வா என்றாள். இப்படி நாலு பக்கமும் விடுதலை செய்யப்பட்ட கோழை வேறு யாராவது இருந்தால் அவனுக்கு என் அனுதாபம். போனேன்.

புறப்படுகிற அன்று கீழே எயார்போட்டுக்குப் போகிற வானடியில் ஒழுங்கை முழுவதும் கூடி நின்று, இனிக் காணக் கிடைக்காத ஒருவனுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தது. மூன்றாம் மாடி அக்கா என் மனுசியைக் கட்டிப் பிடித்து, "மனதைத் திடப்படுத்துங்கோ" என்று அழுதா. மனுசி அவவின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள்.

லிஸ்பனைப் பற்றி நீளமாய் எழுதமாட்டேன். போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக் கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். அந்தக் கொடுமையை இன்னொருவருக்குச் செய்யக்கூடாது. முதல் இரண்டு நாளும் அறையை விட்டுப் போகப் பயந்து பிஸ்கட் சாப்பிட்டேன். மூன்றாம் நாள், படி இறங்கிப் போகிற ஒரு சின்ன இடத்தில், வாசலுக்கு ஆகக் கிட்ட இருந்த கதிரையில் இருந்தேன். ஓடுவதற்கு வசதியாக. உறைப்பே இல்லாத மீன் வந்தது. விளக்கைக் குறைத்தார்கள். சீனி வருத்தத்துக்கான குளிசைப் பெட்டியை நான் திறந்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைக் கிழவி ஒருத்தி "உஷ்" என்றாள். உள்ளே வந்தவள் ஒல்லியான சாதாரணப் பொம்பிளை. கறுப்புச் சால்வை இருந்தது, கண்ணையும் மூடினாள். கதிரையைப் பற்றியோ அலுமாரியைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தையும் பாடவில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நல்லாயிருந்தது. அவ்வளவுதான். நான் சாகவும் இல்லை, ஞானம் பெறவும் இல்லை. வருசக்கணக்காக அவளைப் பற்றிக் கொழும்பில் நான் பேருரை ஆற்றியது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள். பாட்டு எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் வராவிட்டாலும் அது அதே மாதிரித்தான் நடந்திருக்கும். அதை அறிய அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. பாட்டு முடிந்தபோது கண்ணைத் துடைத்த என் லேஞ்சி நனைந்திருந்தது. மீன் உறைக்காததால் என்று சொல்லலாம். மிச்ச நாளும் அங்கேதான் போனேன். கிழவி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், ஒரு வார்த்தையும் பேசாமல்.

பத்து நாள் முடியப் புறப்பட்டேன்.

வான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, என்னைக் கண்ட முகங்களை மறக்கமாட்டேன். சந்தோசம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. கூச்சம். சோதனையில் ஃபெயில் விட்ட பிள்ளையைக் கண்டால் பெரியவர்களுக்கு வருகிற கூச்சம். மளிகைக் கடைக்காரர் தராசைப் பார்த்தார். வோச்சர் பெட்டியை வாங்க வந்து, ஏனோ மன்னிப்புக் கேட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிவரை மூச்சு வாங்க ஏறினேன். அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தா. கண் நிறைந்திருந்தது.

"பிடிச்சு அனுப்பிட்டாங்களோ தம்பி?"

வாயைத் திறந்தேன். லிஸ்பன், அறை, பாட்டு, கிழவி எல்லாம் தொண்டைக்குள் வரிசையில் நின்றன. மூச்சுத்தான் வந்தது.

மேலே, எங்கள் மாடிப் படியின் விளிம்பில் மனுசி நின்றாள். எவ்வளவு நேரமாய் நின்றாள் என்று தெரியாது. பாங்குக்குப் போகவில்லை. தலை வாரி இழுக்கவில்லை. என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லையக்கா" என்றாள் மேலே இருந்து. "அவராத்தான் வந்தவர்."